மூச்சு வாங்க விடாத ஆட்டம்: ரக்பி லீக்கில் ‘சிக்ஸ் அகெய்ன்’ வந்த பிறகு

காரைக்குடி நடுவர்
வெள்ளி, இரவு 9.10

ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம். இங்கே இதுவரை கபடியையும் மஞ்சுவிரட்டையும் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். இன்றைக்கு ரக்பி லீக். தங்கை மகன் சிட்னிக்குப் போனதிலிருந்து ஆஸ்திரேலியாவின் என்.ஆர்.எல். (தேசிய ரக்பி லீக்) ஆட்டங்களை விடாமல் பார்த்து வருகிறேன். அங்கே வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி ஆட்டம் நமக்கு மதியம் மூன்றரைக்கு வந்துவிடும். பட்டாலையில் விசிறியைப் போட்டு உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் 13 பேர், மொத்தம் 80 நிமிடம். பந்து வைத்திருக்கும் அணி ஆறு முறை பிடிபடலாம். ஆறாவது பிடியோடு பந்து எதிரணிக்குப் போய்விடும், அதனால் ஐந்து பிடி ஆனதும் பெரும்பாலும் உதைத்துவிடுவார்கள். பிடிபட்டவன் எழுந்து பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னுக்கு உருட்டுவான். பின்னால் நிற்கும் ஹூக்கர் அதை எடுத்து அடுத்த ஓட்டத்தைத் தொடங்குவார். அதற்குள் பிடித்த அணியில் இரண்டு பேரைத் தவிர மற்றவர்கள் பத்து மீட்டர் பின்வாங்கி வரிசையில் நிற்க வேண்டும். எல்லாம் மூன்று, மூன்றரை வினாடி வேலை. மேலே விழுந்து கிடப்பவர்கள் இன்னும் ஒரே ஒரு வினாடி கிடந்தால், அவர்கள் கூட்டாளிகள் வரிசைக்கு வந்து சேர்ந்துவிடலாம். அந்த ஒரு வினாடிக்குத்தான் இரண்டு அணியும் உயிரைக் கொடுக்கிறது.

அப்படிக் கிடந்தால் முன்பு பெனால்டி. விசில் ஊதும், பந்தைக் கோட்டுக்கு வெளியே உதைப்பார்கள், முப்பது நாற்பது மீட்டர் முன்னே போய் அங்கிருந்து புதிதாக ஆறு. எல்லோரும் அந்தத் தூரத்தை நடந்துதான் போவார்கள். கொரோனாவால் நின்ற லீக் 2020 மே 28 அன்று மறுபடி தொடங்கியபோது இதை மாற்றினார்கள். இப்போது பெரும்பாலும் விசில் கிடையாது. நடுவர் கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டுகிறார், பிடிக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது, ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது. இதைத்தான் சிக்ஸ் அகெய்ன் என்கிறார்கள். 2009-இல் கொண்டுவந்த இரண்டு நடுவர் முறையும் அதே நாளில் போனது. அன்றிலிருந்து மைதானத்துக்குள் ஒரே நடுவர்.

நான் 22 வருடம் கபடிக்கு விசில் ஊதியவன். விசில் ஊதினால் ஆட்டம் நிற்கிறது என்று பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். ஆடுகிறவனுக்கு அது மூச்சு. கல்லல் பக்கம் ஒரு திருவிழா ஆட்டம், ராத்திரி பதினொன்றரை இருக்கும். ஒரு பையன் அடுத்தடுத்து மூன்று முறை பாடிப் போய் வந்தான். மூன்றாவது முறை கோட்டைத் தொட்டுத் திரும்பியபோது, முட்டிக்கு மேலே தொடைச் சதை மட்டும் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. நிற்க முடியவில்லை. குனிந்து டிரவுசர் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினான். நாடா நன்றாகத்தான் இருந்தது. எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். பத்து வினாடி கொடுத்தேன். அடுத்த பாட்டுக்கு அவன் கால் நின்றது.

அந்தப் பத்து வினாடியைச் சட்டம் போட்டு எடுத்துவிட்டால் ஆட்டம் என்ன ஆகும்? இதுதான் என் கேள்வி. வேகம் கூடியதால் ரக்பி லீக் நல்ல ஆட்டமாகியிருக்கிறதா? பார்க்கிறவர்கள் சொல்லுங்கள்.

பாரமட்டாவாசி
வெள்ளி, இரவு 10.25

மாஸ்டர், நான் அழகாபுரியில் பிறந்தவன், 11 வருடமாகச் சிட்னி மேற்கே இருக்கிறேன். எங்கள் பாரமட்டா ஈல்ஸ்தான் அந்த மே 28 அன்று பிரிஸ்பேனில் முதல் ஆட்டம் ஆடியது. காலி மைதானத்தில் 34–6 என்று ஜெயித்தோம். முதல் இரண்டு சுற்றையும் வென்றிருந்த பிரிஸ்பேன் அணி ப்ரோங்கோஸ் அன்று நிலைகுலைந்தது, அடுத்த வாரம் ரூஸ்டர்ஸிடம் 59–0 என்று தோற்றது. அந்த வருடம் அவர்கள் வரலாற்றிலேயே முதல்முறையாகக் கடைசி இடம் பிடித்தார்கள்.

நான் வேகத்தின் பக்கம். காரணம் சொல்கிறேன். 2020-க்கு முன்னால் இந்த ஆட்டத்தை மல்யுத்தம் விழுங்கிக்கொண்டிருந்தது. ஒருவன் இடுப்பைப் பிடிப்பான், இன்னொருவன் பந்தை மடக்குவான், மூன்றாமவன் வந்து மூன்று பேரையும் சேர்த்து மெதுவாகத் தரைக்கு இறக்குவான். இறக்கிய பிறகு ஒவ்வொருத்தராகப் பாயைச் சுருட்டுவதுபோல எழுந்திருப்பார்கள். மல்யுத்தப் பயிற்சிக்கென்றே தனி ஆள் வைத்து இதைக் கற்றுக்கொடுத்தார்கள். மெல்பர்ன் ஸ்டார்ம் இதில் கைதேர்ந்த அணி. நடுவர் ஒவ்வொன்றுக்கும் விசில் ஊதினால் “ஆட்டத்தைக் கெடுக்கிறார்” என்று கூட்டம் கத்தும், ஊதாவிட்டால் ஆட்டம் சேற்றில் மாட்டிய வண்டி.

சிக்ஸ் அகெய்ன் வந்ததும் சின்ன உடம்புக்காரர்களுக்கு வாழ்வு வந்தது. ரக் (பிடிபட்டவன் எழுந்து பந்தை உருட்டும் இடம்) வேகமாக நடந்தால் ஹாரி கிராண்ட் மாதிரி ஹூக்கர் பந்தை எடுத்த மறுநொடி, எதிரே இன்னும் பின்னால் நடந்துகொண்டிருக்கும் ப்ராப்பின் (கனத்த உடம்பு முன்வரிசைக்காரர்) பக்கத்தில் புகுந்து ஓடிவிடுவார். ரையன் பாப்பன்ஹைசன் மாதிரி ஃபுல்பேக் (கடைசி வரிசைக்காரர்) நடுவில் கூடவே வருவார். பக்கத்து வீட்டுப் பையன் ஜூனியர் அணியில் ஆடுகிறான், ஒடிசலான உடம்பு. ஹூக்கர் இடத்தில் அவனுக்கு இப்போது நம்பிக்கை இருக்கிறது. பத்து வருடத்துக்கு முன்னால் என்றால் “நல்லா சாப்பிட்டு அடுத்த வருஷம் வா” என்று அனுப்பியிருப்பார்கள்.

கண்டனூர்க்காரர்
சனி, காலை 6.40

சிக்ஸ் அகெய்ன் என்றால் என்ன என்று மாஸ்டர் சொல்லித்தான் புரிந்தது. ஒரு சந்தேகம். போன வருடம் சென்னை புல்ஸ் என்று ஒரு அணி ரக்பி கோப்பை வென்றதே, அது இதுவா?

லீட்ஸ் பள்ளத்தூரான்
சனி, காலை 11.15

அண்ணே, அது ரக்பி யூனியன் வகை, அதிலும் ஏழு பேர் ஆடுவது. இது வேறு. நான் படிக்க வந்த ஊர் இந்த ஆட்டம் பிறந்த வீட்டுக்குப் பக்கம் என்பதால் கதையைச் சொல்கிறேன்.

1895 ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி வடக்கு இங்கிலாந்துக் கிளப்புகள் பிரிந்து வந்தன. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் ஆட வந்தால் ஒரு நாள் கூலி போகும், அந்தக் கூலியைக் கொடுக்கலாமா கூடாதா என்பதுதான் சண்டை. காசு கொடுத்துப் பார்க்க வருகிறவர்கள் வேண்டும் என்றால் ஆட்டம் பார்க்க நன்றாக இருக்க வேண்டும். அதனால் ஆரம்பத்திலிருந்தே சட்டத்தை மாற்றிக்கொண்டே வந்தவர்கள் இவர்கள். 1906-இல் 15 பேரை 13 ஆக்கினார்கள். பிடிபட்டவன் எழுந்து பந்தை உருட்டும் முறையும் அப்போது வந்ததுதான்.

ஆனால் பிடிக்கு எண்ணிக்கை அறுபது வருடம் கிடையாது. தவறவிடும் வரை பந்து உன்னுடையது. ஒரு அணி கால்மணி நேரம்கூடப் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நகரலாம். ஆஸ்திரேலியாவில் செயின்ட் ஜார்ஜ் 1956 முதல் 1966 வரை தொடர்ந்து 11 பட்டம் வென்றது இந்தக் காலத்தில்தான். 1966 இறுதியில் இங்கிலாந்தில் நான்கு பிடி என்று வரம்பு வந்தது, ஆஸ்திரேலியாவில் 1967-இல். செயின்ட் ஜார்ஜின் ஓட்டம் அந்த வருடமே நின்றது. நான்கு ரொம்பக் குறைச்சல், பந்து கைமாறிக்கொண்டே இருக்கிறது என்று 1970-களின் தொடக்கத்தில் ஆறு ஆக்கினார்கள்.

அதனால் மாஸ்டர், “பழைய ஆட்டம்” என்று ஒன்றைப் பிடித்து நிறுத்த முடியாது. ஒவ்வொரு தலைமுறையும் தான் சின்ன வயதில் பார்த்ததைத்தான் பழைய ஆட்டம் என்கிறது. ஹெடிங்லியில் என் பக்கத்தில் உட்காரும் பெரியவர் ஐந்து மீட்டர் பின்வாங்கிய காலத்தை நினைத்து இன்னும் வருத்தப்படுகிறார். அது பத்து மீட்டராகி முப்பது வருடம் தாண்டிவிட்டது. இங்கே சூப்பர் லீக்கிலும் 2020 ஆகஸ்டிலேயே சிக்ஸ் அகெய்ன் வந்துவிட்டது.

காரைக்குடி நடுவர்
சனி, மதியம் 1.30

தம்பி, அருமையாகச் சொன்னாய். மாற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. சடுகுடுவே மாறித்தானே வந்திருக்கிறது. என் காலத்தில் பாடிப் போகிறவனின் மூச்சுதான் கடிகாரம். நெஞ்சில் காற்று இருக்கும் வரை எதிரிக் களத்தில் நிற்கலாம். அப்புறம் 30 வினாடி என்றார்கள். மண்ணிலிருந்து மேட் விரிப்புக்குப் போனார்கள். நானே அந்தச் சட்டங்களைப் படித்துத் தேர்வு எழுதியவன்.

நான் கேட்பது, மூச்சை யாரிடமிருந்து எடுத்து யாருக்குக் கொடுக்கிறோம் என்பதை. நான்கு பிடி, ஆறு பிடி என்ற வரம்பு பந்து வைத்திருப்பவனைக் கட்டுப்படுத்தியது. சிக்ஸ் அகெய்ன் பிடிக்கிறவனைத் தண்டிக்கிறது, அவன் ஏற்கெனவே களைத்திருக்கும்போது. ஆறு பிடி பிடித்தவன் இன்னும் ஆறு பிடிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் பத்து மீட்டர் பின்னே ஓடிக்கொண்டு. பிடித்து, எழுந்து, திரும்பி, ஓடி, மறுபடி முன்னே வந்து பிடி. 110 கிலோ உடம்பை வைத்துக்கொண்டு இதைச் செய்துபார்த்தால்தான் தெரியும். ஆள் மாற்றும் வாய்ப்பையும் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம். 2001-இல் 12, 2008-இல் 10, 2016-இல் 8.

வடமாடு மஞ்சுவிரட்டு பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒன்பது பேர், இருபது இருபத்தைந்து நிமிடம், நடுவில் வடத்தில் காளை. காளை அந்தப் பக்கம் திரும்பும்போது இந்தப் பக்கம் நிற்பவன் மூச்சு வாங்குவான். காளை திரும்பாமல் உன் பக்கமே நின்றால்?

கல்லல் ரெய்டர்
சனி, மாலை 5.05

சார், நாடா கட்டினது நான்தான். உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

எனக்கு ரக்பி அவ்வளவாகத் தெரியாது. ஆனால் சட்டம் ஒன்று நினைத்துப் போட, ஆடுகிறவன் வேறொன்று செய்வதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புரோ கபடியில் ‘டூ ஆர் டை’ ரெய்டு கொண்டுவந்தார்கள். இரண்டு ரெய்டு வெறுமனே போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் ரெய்டர் அவுட். சும்மா போய்ச் சும்மா வருவதைத் தடுக்கத்தான் இது. ஆனால் முன்னிலையில் இருக்கிற அணி என்ன செய்கிறது? இரண்டு ரெய்டை வேண்டுமென்றே வெறுமனே ஓட்டுகிறது. எதிரணி ரெய்டரும் அதையே செய்கிறார். எல்லோரும் மூன்றாவதுக்காகக் காத்திருக்கிறார்கள். முப்பது முப்பது வினாடியாக நேரம் கரைகிறது. வேகத்துக்கு என்று போட்ட சட்டத்தை வைத்தே ஆட்டத்தை மெதுவாக்க முடியும். நாங்கள் மாவட்ட முகாமில் அதைப் பயிற்சியாகவே எடுத்தோம்.

ரக்பியிலும் அப்படி யாராவது செய்தார்களா?

பாரமட்டாவாசி
சனி, இரவு 8.50

தம்பி, அச்சு அசலாக அதுதான் 2021-இல் நடந்தது. நான் முதலில் எழுதியதில் இதை விட்டுவிட்டேன், எழுதியிருக்க வேண்டும்.

2021-இல் சிக்ஸ் அகெய்னைப் பத்து மீட்டர் குற்றத்துக்கும் நீட்டினார்கள். அதாவது பின்வாங்காமல் முன்னாலேயே நின்றாலும் விசில் இல்லை, எண்ணிக்கை மட்டும் மறுபடி தொடங்கும். இப்போது கணக்குப் பாருங்கள். எதிரணி தன் கோட்டுக்குப் பக்கத்தில், தன் முதல் பிடியில் இருக்கிறது. அப்போது நீ மேலே கிடந்து நேரம் திருடினால் தண்டனை என்ன? அவர்களுக்கு ஒரே ஒரு பிடி கூடுதல். பெனால்டி என்றால் நாற்பது மீட்டர் போயிருக்கும். ஒரு பிடியைக் கொடுத்து, உன் வரிசையைச் சரிசெய்துகொண்டு, அவர்களை அவர்கள் இடத்திலேயே அமுக்கி வைக்கலாம். தண்டனை மலிந்துவிட்டது. நல்ல பயிற்சியாளர்கள் மறுநாளே கண்டுபிடித்துவிட்டார்கள். 2022-இல் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. பந்து வைத்திருக்கும் அணி தன் 40 மீட்டருக்குள் இருக்கும்போது இந்தக் குற்றம் நடந்தால் மறுபடி பழையபடி முழுப் பெனால்டி என்றார்கள். விசிலைக் கொஞ்சம் திருப்பிக் கொண்டுவந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 2021-இல் ஆட்டங்கள் ஒருதலைப்பட்சமாகப் போயின. மே மாதம் மெல்பர்ன் 50–0 என்று சவுத் சிட்னியை அடித்தது. ஜூலையில் மேன்லி 66–0 என்று கேன்டர்பரியை. மெல்பர்ன் தொடர்ந்து 19 ஆட்டம் வென்று 1975-இன் சாதனையைத் தொட்டது. முன்பு பத்து நிமிடம் அடி வாங்கும் அணி ஒரு பெனால்டி கிடைத்தால் தலைநிமிரும், கேப்டன் கூப்பிட்டு நாலு வார்த்தை பேசுவார். இப்போது அலை அடித்தால் அடித்துக்கொண்டே இருக்கிறது. 66–0 ஆட்டத்தை நான் பார்த்தேன். கேன்டர்பரியின் முன்வரிசைக்காரர் ஒருவர் கோட்டுக்குப் பின்னால் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றித் தலையைத் தொங்கப் போட்டு நின்றார், எதிரணி ட்ரைக்குப் (கோட்டுக்குப் பின்னால் பந்தை ஊன்றிப் புள்ளி எடுப்பது) பிறகு கோல் உதைக்கும் வரை. அந்த உதைதான் அவர்களுக்கு மூச்சு. புள்ளி கொடுத்தால்தான் ஓய்வு.

ஆனால் மாஸ்டர், அதே சவுத் சிட்னி, 50–0 வாங்கிய அணி, அதே வருடம் இறுதிப்போட்டிக்குப் போனது. பென்ரித்திடம் 14–12 என்று இரண்டே புள்ளியில் தோற்றது. அதற்கு முன்னால் பென்ரித்–பாரமட்டா ஆட்டம் 8–6. நான் வீட்டு வரவேற்பறையில் நின்றுகொண்டே பார்த்தேன், உட்கார முடியவில்லை. அதே சட்டம், அதே வேகம். தற்காப்பு செத்துவிடவில்லை.

தேவகோட்டை பிசியோ
ஞாயிறு, காலை 7.20

இந்த இழையை நேற்று இரவு படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. நான் விளையாட்டுக் காயங்களைப் பார்ப்பவள். திங்கட்கிழமை காலை கபடிப் பையன்கள் வரிசையாக வருவார்கள், தோள், முட்டி, கணுக்கால். எல்லோரிடமும் முதலில் நான் கேட்பது எங்கே வலிக்கிறது என்று இல்லை, எத்தனாவது நிமிடத்தில் அடிபட்டது என்று. பெரும்பாலும் ஆட்டம் முடியும் நேரத்தில்தான் இருக்கும். பிடிக்கத் தெரியாதவன் இல்லை. முதல் பாதியில் சரியாகப் பிடித்த அதே பையன்.

களைத்த உடம்பு முதலில் விடுவது முட்டி மடக்குவதை. பிடிக்கப் போகிறவன் தாழ்ந்து போக வேண்டும், கண் எதிராளியின் இடுப்பில் இருக்க வேண்டும், தலை அவன் உடம்புக்கு வெளிப்பக்கம், கால் பக்கத்தில் ஊன்றி இருக்க வேண்டும். களைத்தவன் நிமிர்ந்தே போவான், கையை மட்டும் நீட்டுவான், தலை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க மாட்டான். நிமிர்ந்து போனால் தோளும் தலையும் எதிராளியின் தலை உயரத்துக்கு வந்துவிடும். ரக்பி லீக் வீரர்களிடமே இதைச் சோதித்து டிம் கேபெட் 2008-இல் ஆய்வு வெளியிட்டிருக்கிறார். களைப்பு ஏற ஏற டேக்கிள் நுட்பம் இறங்குகிறது.

2020-இல் ஓய்வைக் குறைத்தார்கள். 2021 மே மாதம் பிரிஸ்பேனில் எல்லா அணிகளும் ஒரே மைதானத்தில் ஆடிய வார இறுதியில், தலையைத் தொட்டாலே சின் பின் (பத்து நிமிடம் வெளியே), முழு வெளியேற்றம் என்று நடுவர்கள் கடுமையானார்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் ஆள் வெளியே போனார்கள். தலையைக் காப்பாற்ற வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 2022-இல் மைதானத்துக்கு வெளியே தனி மருத்துவர் திரையில் பார்த்து வீரரை வெளியே அழைக்கும் ஏற்பாடு வந்தது. 2024-இல் மூளை அதிர்ச்சி உறுதியானவர் 11 நாள் ஆடக் கூடாது என்றார்கள். இங்கிலாந்தில் டேக்கிள் உயரத்தைத் தோளிலிருந்து அக்குளுக்குக் கீழே இறக்க 2023 டிசம்பரில் முடிவெடுத்தார்கள். எல்லாம் தேவையானவை. 2019-இலேயே இறந்துபோன இரண்டு ஆஸ்திரேலிய ரக்பி லீக் வீரர்களின் மூளையில், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சி.டி.இ. நோய் கண்டுபிடித்து வெளியிட்டிருந்தார்களே.

ஆனால் ஒரு கையால் களைப்பை ஏற்றிவிட்டு, இன்னொரு கையால் களைத்தவன் செய்யும் தவறுக்கு அவனை வெளியே அனுப்புவது எப்படி நியாயம்? பத்து நிமிடம் ஒருவன் வெளியே உட்கார்ந்தால் மீதிப் பன்னிரண்டு பேர் அவன் பங்கையும் சேர்த்து ஓட வேண்டும். அவர்கள் இன்னும் களைப்பார்கள்.

கண்டனூர்க்காரர்
ஞாயிறு, காலை 9.00

அப்படியானால் மெதுவாக ஆடச் சொல்லலாமா அக்கா? மெதுவான ஆட்டத்தில் மோதல் இன்னும் பலமாக இருக்காதா? ஓய்வெடுத்து வந்தவன் முழு பலத்தோடு மோதுவானே.

தேவகோட்டை பிசியோ
ஞாயிறு, காலை 9.45

நல்ல கேள்வி, இதற்கு நேரான பதில் என்னிடம் உண்டு. ஆமாம், மோதல் பலமாக இருக்கும். அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் நின்று ஓய்வெடுக்கிறார்கள், அங்கேயும் மூளைக் காயம் பெரிய துயரம். அதனால் மெதுவாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். வேகத்தால் பெருத்த உடம்பு இளைத்தது, நீண்ட நேரம் ஓடக்கூடியவன் வந்தான், அது ஒரு வகையில் நல்லது. பென்ரித்தின் ஐசையா யோ மாதிரி பந்தைக் கையாளத் தெரிந்த நடு ஆட்டக்காரர்கள் மேலே வந்ததும் அதனால்தான்.

நான் கேட்பது கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்று. ஓய்வை ஒரு இடத்தில் எடுத்தால் வேறொரு இடத்தில் கொடுங்கள். ஆள் மாற்றும் எண்ணிக்கை 8 ஆனது 2016-இல், சிக்ஸ் அகெய்ன் வருவதற்கு நான்கு வருடம் முன்னால். வேறொரு ஆட்டத்துக்குப் போட்ட கணக்கு அது.

லீட்ஸ் பள்ளத்தூரான்
ஞாயிறு, மதியம் 12.40

அக்கா சொன்னதோடு ஒன்று. வேகம் வேகம் என்று ரக்கில் வினாடியை மிச்சம் பிடித்துவிட்டு, அந்த நேரத்தை வீடியோ பார்ப்பதில் விடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2016-இல் பங்கர் (வீடியோ பார்த்து முடிவு சொல்லும் அறை) வந்தது, 2020-இல் கேப்டன் சேலஞ்ச் (நடுவர் முடிவை மறுபடி பார்க்கக் கேப்டன் கேட்பது). ட்ரை போட்டவன் கைதூக்கி நிற்பான், நாலு பக்கத்திலிருந்தும் ரீப்ளே ஓடும். அந்த நேரத்தில் களைத்தவன் மூச்சு வாங்குகிறான் என்பது உண்மை, ஆனால் அது எப்போது வரும் என்று அவனுக்குத் தெரியாது. பெனால்டி என்றால் கணித்து ஆடலாம்.

காரைக்குடி நடுவர்
ஞாயிறு, மாலை 6.15

எல்லோருடைய பதிலையும் இரண்டு முறை படித்தேன். யாருமே தொடாத ஒன்று இருக்கிறது, நடுவரின் மூச்சு.

இரண்டு நடுவர் இருந்தபோது ஒருவர் ரக்கைப் பார்ப்பார், இன்னொருவர் பத்து மீட்டர் வரிசையை. இப்போது ஒரே ஆள். கீழே கிடப்பவன் கை எங்கே இருக்கிறது, கால் எங்கே இருக்கிறது, பந்து சரியாக உருண்டதா, பந்துக்கு எதிரே நிற்கும் மார்க்கர் நேராக நிற்கிறானா, பின்னால் பதினோரு பேர் கோட்டில் இருக்கிறார்களா. மூன்று வினாடியில் இவ்வளவு. கோட்டு நடுவர்கள் காதில் சொல்கிறார்கள், ஆனால் கையைத் தூக்க வேண்டியவர் இவர்தான். இவரும் 80 நிமிடம் அவர்களோடு ஓடுகிறார், இவருக்கு மாற்று ஆள் கிடையாது.

அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. பெனால்டி கொடுத்தால் நடுவர் விசில் ஊதி, கையைக் காட்டி, இன்ன குற்றம் இன்ன ஆள் என்று சொல்ல வேண்டும். கேப்டன் வந்து கேட்கலாம். எட்டாயிரம் பேர், எண்பதாயிரம் பேர் முன்னால் அவர் தன் முடிவுக்குப் பொறுப்பு ஏற்கிறார். சிக்ஸ் அகெய்னில் கை ஆடுகிறது, ஆட்டம் போய்விடுகிறது. யார் செய்த குற்றம் என்று மைதானத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு ஆட்டத்தின் போக்கையே திருப்பக்கூடிய முடிவை, கேள்வி கேட்க நேரமில்லாமல் எடுக்க வைக்கிறார்கள். நான் விசில் ஊதியபோதெல்லாம் பையன்கள் முகத்தைப் பார்த்துக் காரணம் சொன்னேன். திட்டு வாங்கியிருக்கிறேன், ஒரு ஊரில் வண்டியை மறித்தார்கள். ஆனாலும் சொன்னேன்.

இரண்டாவது நடுவர் என்பது பள்ளிக்கூடமும்தான். 2019-இல் பெலிண்டா ஷார்ப் என்.ஆர்.எல். ஆட்டத்தில் நடுவராக நின்ற முதல் பெண் ஆனார். இரண்டு நடுவரில் ஒருவராகத்தான் நின்றார். அனுபவசாலி பக்கத்தில் நின்று முதல்தர வேகத்தைக் கண்ணால் பழகுவதற்கு அது வழி. அடுத்த வருடமே அந்த இடத்தை எடுத்துவிட்டார்கள். நடுவர்களின் சங்கம் அங்கே தொழிலாளர் தீர்ப்பாயம் வரை போனது. செலவு குறையும், ஆட்டம் வேகமாகும் என்றார்கள். புதிய நடுவர் எங்கே நின்று கற்றுக்கொள்வார் என்பதற்கு யார் பதில் சொன்னார்கள்?

பாரமட்டாவாசி
ஞாயிறு, இரவு 7.40

மாஸ்டர், இதைப் படித்ததும் 2025 இறுதிப்போட்டி ஞாபகம் வந்தது. உங்களுக்கு மதியம் இரண்டு மணிக்கு வந்திருக்கும். இடைவேளையில் மெல்பர்ன் 22–12 என்று முன்னே. இரண்டாம் பாதியில் அவர்களுக்கு ஒரு புள்ளிகூட இல்லை. ப்ரோங்கோஸ் 26–22. 2020-இல் இந்த வேகத்தில் முதலில் நொறுங்கிய அதே ப்ரோங்கோஸ். பெய்ன் ஹாஸ் மாதிரி ஒரு மணி நேரம் நிற்கக்கூடிய ப்ராப்பைச் சுற்றி அணியைக் கட்டினார்கள். வேகத்தோடு வாழக் கற்றுக்கொண்டார்கள். எனக்கு அந்த ஆட்டம் நான் பார்த்ததிலேயே சிறந்தது, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் இரண்டு நடுவர் விஷயத்தில் உங்கள் பக்கம் வந்துவிட்டேன். வேகம் இருக்கட்டும், பார்க்க இரண்டு கண் கூடுதலாக இருக்கட்டும்.

காரைக்குடி நடுவர்
ஞாயிறு, இரவு 9.30

அந்த ஆட்டத்தை நானும் பார்த்தேன். கடைசிப் பத்து நிமிடம் மெல்பர்ன் முன்வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தேன், பந்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் பத்து மீட்டர் பின்னே போய் நின்று, மறுபடி முன்னே வந்தார்கள். ஒருவர்கூடக் குனியவில்லை. தோற்றவர்களுக்காகக் கண் கலங்கியது அன்றைக்குத்தான்.

கல்லல் தம்பி, உன் முட்டி எப்படி இருக்கிறது? இந்தச் சித்திரையில் நம் பக்கத்து ஊர் ஆட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கபடிச் சட்டப்படி ஒரு நடுவருக்கு இரண்டு அம்பயர் வேண்டும், செலவைப் பார்த்து ஒருவரோடு நிறுத்திவிடுவார்கள். இந்த முறை இரண்டு பேர் இல்லாமல் நான் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒருவர் கிடைத்துவிட்டார்.

கல்லல் ரெய்டர்
ஞாயிறு, இரவு 9.50

முட்டி இந்த சீசன் முழுக்க ஆடக் கூடாது என்று தேவகோட்டை அக்காவே சொல்லிவிட்டார் சார். நின்று பார்க்கலாம், ஓடக் கூடாது. நான் இதுவரை விசில் பிடித்ததில்லை. சொந்தமாக விசில்கூட இல்லை.

காரைக்குடி நடுவர்
ஞாயிறு, இரவு 9.55

என்னிடம் இரண்டு இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துவிடு.